படைப்பாக்க ஆய்வைத் திரும்பிப் பார்த்தல்: பயிற்சி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆசிரியப் பயிற்சியின்போது படைப்பாக்க ஆய்வுத் திட்டம் ஒன்றைச் செய்து முடித்தவர்களிடம் அடுத்ததாகக் கேட்கப்படுவது மீள்சிந்தனைக் கட்டுரை. வரைந்தோ, எழுதியோ, நடித்தோ, இசையமைத்தோ, பொருள்களைக் கையால் செய்தோ ஒரு கேள்விக்கு விடை தேடியிருப்பீர்கள். அந்தத் தேடல் உங்கள் கற்பித்தலை எந்த வகையில் மாற்றியது என்று எழுதச் சொல்வார்கள். பலர் இந்த இடத்தில் திட்ட அறிக்கையையே இன்னொரு முறை எழுதி, இறுதியில் "இதன் மூலம் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்ற வரியோடு முடித்துவிடுகிறார்கள். அறிக்கை நீங்கள் செய்ததைச் சொல்கிறது. மீள்சிந்தனையோ, செய்யும்போது நீங்கள் எடுத்த முடிவுகளையும், அவற்றுக்குப் பின்னால் இருந்த நம்பிக்கைகளையும், வகுப்பறையில் அதே இடத்தில் ஒரு மாணவர் வந்து நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் ஆராய்கிறது.

திட்டமிட்டது ஒன்றாகவும் கை செய்தது வேறாகவும் போன இடங்களில்தான் எழுதத் தகுந்த விஷயம் இருக்கிறது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடங்களைக் கண்டுபிடிக்கவும், நேர்மையாகப் படிக்கவும், பாடமாக மாற்றவும் உதவுபவை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை உடன் வைத்துக்கொள்வோம். ஓவியம் கற்பிக்கப் பயிற்சி பெறும் ஒருவர், சில வாரங்களுக்கு அழிப்பானைத் தொடாமல் பேனாவால் மட்டும் வரைகிறார். "தவறான கோட்டை அழிக்க முடியாதபோது, வரைபவர் எடுக்கும் முடிவுகள் எப்படி மாறுகின்றன?" என்பது அவருடைய ஆய்வுக் கேள்வி. பிறகு அதே விதியோடு, 12 வயது மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார்.

படி 1: திட்டம் தொடங்கும் நாளிலேயே சான்றுகளைச் சேருங்கள்

மீள்சிந்தனை கடைசி வாரத்து வேலை என்று நினைப்பவர்களுக்கு நினைவைத் தவிர வேறு சான்று மிஞ்சுவதில்லை. நினைவோ முடிவு தெரிந்த பிறகு தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. ஒரு நிகழ்வின் முடிவை அறிந்தவர்கள், அது அப்படித்தான் முடியும் என்று முன்பே தமக்குத் தெரிந்திருந்ததாக நம்பிவிடுவதை உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகள் மூலம் காட்டினார். படைப்புத் திட்டங்களில் இந்த மயக்கம் இன்னும் கூடுதல். முடிந்த படைப்பு கண் முன்னால் இருக்கும்போது, அதை நோக்கித்தான் முதல் நாளிலிருந்தே நடந்துவந்தோம் என்று தோன்றும்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில், தேதியோடு எழுதுங்கள். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதி, வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். சில நாள் கழித்துத் திரும்பிப் படிக்கும்போது தோன்றுவதை வலப்பக்கத்தில், வேறு நிற மையில், அன்றைய தேதியிட்டு எழுதுங்கள். அன்று நினைத்ததும் பிறகு நினைத்ததும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது பின்னால் எழுதும்போது பெரிய உதவியாக இருக்கும்.

கைவிட்ட வரைவுகள், கிழித்த தாள்கள், பாதியில் நிறுத்திய ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை எறியாதீர்கள். நல்ல படைப்புகளை மட்டும் சேர்த்த கோப்பு கண்காட்சிக்குப் பொருந்தும். ஆராய்வதற்கு அதில் அதிகம் இருக்காது.

மாணவர்கள் பங்கேற்றால் அனுமதி விஷயத்தை முதலிலேயே முடித்துவிட வேண்டும். உங்கள் பயிற்சி நிறுவனத்தின் நெறிமுறை ஒப்புதல், பள்ளியின் ஒப்புதல், பெற்றோர் ஒப்புதல், மாணவரின் சம்மதம் ஆகிய நான்கும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியவை. வகுப்பெடுப்பவரே கேட்கும்போது மாணவரால் மறுப்பது கடினம் என்பதை மறக்க வேண்டாம். மறுத்தால் மதிப்பெண்ணோ உங்கள் அன்போ குறையாது என்பதை வாயால் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மறுத்தவரும் அதே வேலையைச் சங்கடமின்றிச் செய்ய வழி வைத்திருக்க வேண்டும்.

படி 2: உங்கள் ஆய்வு எந்த வகை என்று தெளிவுபடுத்துங்கள்

கிறிஸ்டோஃபர் ஃப்ரெய்லிங் 1993இல் கலை ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு, ஒரு படைப்பை உருவாக்குவதற்காகச் செய்யும் ஆய்வு. நம் எடுத்துக்காட்டு இரண்டாவது வகை. வரைவதே அங்கு ஆராயும் முறை. ஒரு கதை எழுதுவதற்காகப் பல பேரை நேர்காணல் செய்திருந்தால் அது மூன்றாவது வகை. இரண்டாவது வகையில் "செய்தபோது எனக்கு என்ன தெரியவந்தது" என்பதும், மூன்றாவதில் "திரட்டியவற்றுள் எதை எடுத்தேன், எதை விட்டேன், ஏன்" என்பதும் மையக் கேள்விகளாகும். கட்டுரையின் முதல் பத்தியிலேயே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 3: நடந்ததைச் சுருக்கமாகவும் தீர்ப்பின்றியும் எழுதுங்கள்

விவரிப்புக்குக் கட்டுரையில் கால் பங்குக்கு மேல் இடம் தராதீர்கள். அந்தக் கால் பங்கிலும் தீர்ப்பைக் கலக்காதீர்கள். "மாணவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு பங்கேற்றார்கள்" என்பது தீர்ப்பு. "மணி அடித்த பிறகும் சிலர் எழாமல் வரைந்துகொண்டிருந்தார்கள், கடைசி வரிசையில் இருந்தவர்கள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாகத் தொடங்கினார்கள்" என்பது விவரிப்பு. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் யோசிக்க முடியாது. இரண்டாவது, ஏன் திருப்பினார்கள் என்ற கேள்வியைத் தானாகவே எழுப்புகிறது.

படி 4: திருப்பங்களைக் கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையில் அதிக நேரம் கேட்பது இந்தப் படிதான். அந்த நேரத்தைத் தயங்காமல் கொடுங்கள். சேர்த்துவைத்த எல்லாவற்றையும் தேதி வரிசையில் தரையிலோ பெரிய மேசையிலோ பரப்புங்கள். பக்கத்தில் உங்கள் முதல் திட்ட முன்மொழிவையும் வையுங்கள். முன்மொழிவில் இல்லாத ஒன்று படைப்பில் தோன்றும் இடத்திலும், முன்மொழிவில் இருந்த ஒன்று சத்தமின்றிக் காணாமல் போகும் இடத்திலும் ஒரு சிறு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். சிந்தனை குழப்பத்திலும் தயக்கத்திலும்தான் தொடங்குகிறது என்று ஜான் டூயி 1910லேயே எழுதினார். நீங்கள் ஒட்டும் துண்டுகள் பெரும்பாலும் அத்தகைய தயக்கங்களின் மேல்தான் போய் அமரும்.

டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, செயலின் நடுவே, கை வேலையில் இருக்கும்போதே நடப்பது. மற்றது, செயல் முடிந்த பிறகு அதைப் பற்றி நடப்பது. கட்டுரையில் நீங்கள் எழுதுவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றாலும், முதல் வகையின் தடயங்களைத் தேடி எடுப்பதே அதன் வேலை. நம் எடுத்துக்காட்டில், ஒரு கையை வரைந்த பக்கத்தில் கட்டைவிரலின் வெளிக்கோடு தவறிப்போயிருக்கிறது. அதன் மேல் அடுத்தடுத்து நெருக்கமான கோடுகள் விழுந்து, அது நிழலாக மாறியிருக்கிறது. அதற்கடுத்த படங்களில், தவறு எதுவும் இல்லாத இடங்களிலும் கட்டைவிரலின் அருகே அதே நிழல் வருகிறது. வரைந்தவர் இதைத் திட்டமிடவில்லை, குறிப்பேட்டில் எழுதவும் இல்லை. பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான், பிழையை மறைக்கக் கண்டுபிடித்த உத்தி ஒரு பாணியாக நிலைத்துவிட்டது கண்ணில் படுகிறது.

இத்தகைய திருப்பங்கள் பல கிடைக்கலாம். இரண்டை, மிஞ்சினால் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் இப்படி விசாரியுங்கள்: அந்தக் கணத்தில் என் கண்ணில் பட்டது என்ன? வேறு என்னென்ன செய்திருக்கலாம்? இதைத் தேர்ந்தெடுக்க வைத்த நம்பிக்கை எது? கடைசிக் கேள்விதான் கடினமானது. ஒருவர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் கோட்பாடும் அவருடைய செயலில் வெளிப்படும் கோட்பாடும் வேறாக இருக்கலாம் என்று கிறிஸ் ஆர்கிரிஸும் ஷோனும் 1974இல் விளக்கினார்கள். "பிழையை வரவேற்கிறேன்" என்று முன்மொழிவில் எழுதியவர், ஒவ்வொரு பிழையையும் நிழலால் மூடியிருக்கிறார். இந்த முரணைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை. கட்டுரையின் முதுகெலும்பே இங்கேதான் கிடைக்கிறது.

படி 5: சட்டகங்களை அளவாகப் பயன்படுத்துங்கள்

மீள்சிந்தனையைக் கட்டம் கட்டமாக நடத்திச் செல்லும் ஆயத்த அமைப்புகளையே சட்டகங்கள் என்கிறோம். கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த சுழற்சியில் விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என ஆறு கட்டங்கள் உண்டு. டேவிட் கோல்ப் 1984இல் அனுபவம், அதை உற்றுநோக்கல், பொதுக்கருத்து உருவாக்கல், செய்துபார்த்தல் என நான்கு கட்டங்களைச் சொன்னார். டெர்ரி போர்ட்டன் 1970இல் முன்வைத்தது இன்னும் எளியது: என்ன, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்விகள்.

இவற்றில் ஒன்றை உங்கள் பயிற்சி நிறுவனம் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றியாக வேண்டும். தேர்வு உங்களுடையதென்றால், முதலில் சட்டகம் இல்லாமலே எழுதிவிட்டு, பிறகு எந்தக் கட்டம் விடுபட்டது என்று சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துமாறு பரிந்துரைப்பேன். கிப்ஸின் ஆறு தலைப்புகளையும் உள்தலைப்புகளாக வைத்துக்கொண்டு எழுதும்போது ஆறும் ஒரே நீளத்தில் அமைந்துவிடுகின்றன. சொல்ல அதிகம் இருக்கும் பகுப்பாய்வுக்கும், இரண்டு வரியில் முடிய வேண்டிய உணர்வுக்கும் சம இடம் போய்விடுகிறது. உணர்வைத் தவிர்க்கச் சொல்லவில்லை. "பதற்றமாக இருந்தது" என்று எழுதினால், அந்தப் பதற்றம் உங்களை என்ன செய்ய வைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்பதே கோரிக்கை.

படி 6: பிறர் கண்களையும் கேளுங்கள்

தன் அனுபவம், மாணவர்களின் பார்வை, சக ஆசிரியர்களின் பார்வை, ஆய்வு நூல்கள் என்ற நான்கு ஆடிகள் வழியாகத் தன் பணியைப் பார்க்க வேண்டும் என்று ஸ்டீஃபன் புரூக்ஃபீல்ட் 1995இல் எழுதினார். பயிற்சி ஆசிரியர்களின் கட்டுரைகளில் முதலாவது நிறைய இருக்கும். நான்காவது மேற்கோள்களாகத் தெளிக்கப்பட்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டும் பெயரளவில்தான் தலைகாட்டும்.

மாணவர்களிடம் "வகுப்பு பிடித்திருந்ததா?" என்று கேட்டால் "பிடித்திருந்தது" என்ற விடைதான் வரும். "வரைவதை நிறுத்திவிடலாம் என்று தோன்றிய இடத்தில் ஒரு சிறு வட்டம் போடுங்கள்" என்று சொன்னால் வேறு வகைத் தகவல் கிடைக்கும். வட்டத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன வருகிறது என்று தாளிலேயே பார்க்கலாம். பேசத் தயங்கும் மாணவரும் வட்டம் போடுவார்.

சக பயிற்சி ஆசிரியரிடம் உங்கள் விளக்கத்தைச் சொல்லாமல் படைப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டி, எங்கே மாற்றம் தெரிகிறது என்று கேளுங்கள். அவர் சுட்டும் இடமும் நீங்கள் துண்டு ஒட்டிய இடமும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த வேறுபாட்டைக் கட்டுரையில் சேருங்கள்.

வழிகாட்டி ஆசிரியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் உங்களுக்கு உதவுபவர் மட்டுமல்ல, பெரும்பாலும் உங்களை மதிப்பிடுபவரும்கூட. அவருக்குப் பிடித்தமானதை எழுதும் ஆசை எழுவது இயல்பு. தோல்வியைச் சிறிதாகவும் மாற்றத்தைப் பெரிதாகவும் காட்டத் தோன்றும். குறிப்பேட்டை உங்களுக்காக மட்டும் எழுதிவைத்து, கட்டுரைக்கு வேண்டிய பகுதிகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதிலிருந்து ஓரளவு காக்கும். மதிப்பிடப்படும் மீள்சிந்தனை முழு நேர்மையோடு இருக்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் பயிற்சி பெறுபவரிடம் இல்லை.

படி 7: படைப்பவரின் இடத்திலிருந்து ஆசிரியரின் இடத்துக்கு நகருங்கள்

பாடப்பொருளை அறிந்திருப்பதும் அதைக் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் வேறுவேறு என்பதோடு, இரண்டும் சந்திக்கும் தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்று லீ ஷுல்மன் 1986இல் வாதிட்டார். கற்பவர் எங்கே சறுக்குவார், எந்த எடுத்துக்காட்டு அவருக்குக் கைகொடுக்கும் என்பன போன்றவை அந்த அறிவில் அடங்கும். படைப்பாக்க ஆய்வு அதைப் பெற ஒரு நேர்வழி. நீங்களே சறுக்கிப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உங்கள் சறுக்கல் மாணவரின் சறுக்கல் ஆகிவிடாது. திட்டத்தை நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள், மாணவர் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களுக்கு வளர்ந்தவரின் கைத்திறன் இருந்தது. யாரும் பார்க்காத அறை இருந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த நாள் தொடரும் சுதந்திரம் இருந்தது. "எனக்கு இப்படி இருந்தது, எனவே மாணவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று தாண்டுவது இந்தக் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் தவறு. இரண்டு சூழல்களுக்கும் இடையே எது மாறுகிறது என்று எழுதிப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

பின்னர், ஒரு பாடத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத் திட்டமிடுங்கள். "இனி மாணவர்களின் படைப்பாற்றலை ஊக்குவிப்பேன்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. "அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் நானே கரும்பலகையில், மாணவர்கள் முன்னிலையில் வரைவேன், கோடு தவறினால் அழிக்காமல், அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்பேன், தாளின் இரண்டு பக்கங்களையும் படைப்பாகவே ஏற்றுக்கொள்வதாக முதலிலேயே சொல்வேன்" என்பதைச் சரிபார்க்கலாம். முன்பு பின்பக்கத்துக்கு ஓடியவர்கள் இம்முறையும் ஓடுகிறார்களா, வட்டத்துக்குப் பிறகு கோடு தொடர்கிறதா என்று தாளைப் பார்த்தே அறியலாம். எந்த விளைவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

படி 8: ஆழத்தை அளந்து எழுதுங்கள்

நெவில் ஹாட்டன், டேவிட் ஸ்மித் ஆகிய இருவரும் பயிற்சி ஆசிரியர்களின் எழுத்துகளை ஆராய்ந்து, 1995இல் அவற்றை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். ஒரே நிகழ்ச்சியை நான்கு நிலைகளிலும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

வெறும் விவரிப்பு: "சில மாணவர்கள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வரைந்தார்கள். நான் புதிய தாள் தரவில்லை."

காரணம் தேடும் விவரிப்பு: "அழிக்க முடியாத சங்கடத்திலிருந்து தப்ப அவர்கள் கண்டுபிடித்த வழி அது என்று நினைக்கிறேன். விதியை நான் அறிவித்த தொனி அதைத் தண்டனை போலத் தோன்றச் செய்திருக்கலாம்."

தன்னோடு நடத்தும் உரையாடல்: "என் பிழையை நிழலாக மாற்றியதைத் துணிச்சல் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் அப்போது என்னை யாரும் பார்க்கவில்லை. மாணவர்களின் பிழையைப் பக்கத்து இருக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் துணிச்சல் என்றது தனிமை தந்த வசதிதானா? அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. தாளைத் திருப்பாத மாணவர்களும் அதே வரிசையில்தான் இருந்தார்கள்."

விமர்சன நிலை: "சுத்தமான தாளுக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று பல ஆண்டுகளாகக் கற்றவர்களிடம், ஒரே வகுப்பில் பிழையை ஏற்கச் சொன்னேன். மதிப்பீட்டு அட்டவணையில் இறுதிப் படைப்புக்கு மட்டும் இடம் இருக்கும் நிலையில், தாளைத் திருப்பியவர் விதியை மீறவில்லை. அந்த அட்டவணையைச் சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட்டிருக்கிறார்."

கட்டுரை முழுவதும் நான்காவது நிலையில் இருக்க வேண்டியதில்லை. எடுத்ததற்கெல்லாம் சமூக அமைப்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் படிப்பவருக்குச் சலிப்பு வரும், சான்றும் நழுவும். தேர்ந்தெடுத்த திருப்பங்களில் ஒன்றாவது மூன்றாம் நிலையைத் தாண்டியிருந்தால் போதும். "நான்" என்று தன்னிலையில் எழுதத் தயங்காதீர்கள். "ஆய்வாளரால் உணரப்பட்டது" போன்ற வாக்கியங்கள் முடிவை எடுத்தவர் யார் என்பதையே மறைத்துவிடுகின்றன.

படி 9: திருத்துங்கள், சமர்ப்பியுங்கள்

முதல் வரைவை முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். உங்கள் திட்டத்தை எடுத்துவிட்டு வேறொருவரின் திட்டத்தை அங்கே வைத்தாலும் அந்த வாக்கியம் பொருந்துமானால் அதை நீக்குங்கள். "கூட்டுமுயற்சியின் மதிப்பை உணர்ந்தேன்", "நேர மேலாண்மை முக்கியம் என்று புரிந்தது" ஆகியவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அதற்கான சான்றின் தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். தேதி எழுத முடியாத கூற்றை "தோன்றுகிறது" என்று தணித்து எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இணைப்பில் எல்லாப் படைப்புகளையும் அடுக்க வேண்டாம். கட்டுரையில் பேசப்படும் பக்கங்களை மட்டும் எண்ணிட்டுச் சேர்த்து, அந்த எண்ணை உரிய பத்தியில் குறிப்பிடுங்கள். மாணவர்களின் தாள்களை ஒளிப்படம் எடுக்கும்போது மூலையில் அவர்கள் எழுதிய பெயர், வகுப்பு, கையெழுத்து ஆகியவை தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கோப்பின் பெயரிலும் மாணவர் பெயர் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் வரையப்பட்ட தாளாக இருந்தால் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, ஒரே எண்ணின் கீழ் அ, ஆ என்று குறியுங்கள். மூலத் தாள்களை, நீங்கள் ஒப்புக்கொண்ட காலக்கெடுவுக்குள் மாணவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.